குடுக்காத மாத்திரை

"ஒரே ஒரு அட்டை மாத்திரைதானேக்கா கேட்டேன்! உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?"

அமுதவல்லி வாசலில் நின்று கத்தினாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் அசையவில்லை.

"தரமாட்டேன். உம் புருஷனை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போ."

கதவு சாத்திக்கொண்டது.

அடிப்பாவி! தோணிரேவுக் குப்பத்தில் இப்படியும் ஒருத்தியா? ஏரியில் நாலு எறா கூடுதலாகக் கிடைத்தாலே பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி போகும். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லி அந்த ஊரில் பழக்கமே கிடையாது.

இரண்டு வீட்டிலும் ஒரே வியாதிதான். நுரையீரலில் புற்றுநோய். கஸ்தூரியம்மாள் ஏதோ புது மாத்திரை சாப்பிட்டு, மூச்சிரைப்பு நின்று, மறுபடியும் ஏரியில் இறங்கிக் கையால் தடவி எறா பிடிக்கிறாள். அமுதவல்லியின் புருஷன் பொன்னுரங்கமோ வலையைத் தொட்டே மாசக்கணக்காகிறது. ஸ்கேனில் நோய் தெரிந்ததோடு சரி, அப்புறம் பட்டணத்து ஆஸ்பத்திரி என்றாலே மனுஷன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

"அந்தம்மா மாத்திரை கெடைச்சா முழுங்கறேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரமாட்டேன்."

இதுதான் அவர் பேச்சு. அந்த மாத்திரையும் இப்போது இல்லையென்று ஆகிவிட்டது. அமுதவல்லி சும்மா இருப்பாளா? மீன் ஏலத்தில், தண்ணி லாரி கிட்டே, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

"கல்நெஞ்சுக்காரி! தான் பொழைச்சா போதும்னு பாக்குறா."

ஊரும் உச்சுக் கொட்டியது. எறா தடவப் போகிற பெண்கள் கஸ்தூரியம்மாளைக் கூப்பிடாமலே கிளம்பினார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். தனியாகவே ஏரியில் இறங்கினாள்.

அதைப் பார்த்தும் அமுதவல்லிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"எழுந்திருய்யா! அவ குடுக்கலன்னா நமக்கு நாதியில்லையா? அதே டாக்டரம்மாவைப் பாத்து, அதே மாத்திரையை வாங்கியாந்து, அவ மூஞ்சிக்கு நேரா முழுங்கணும் நீ!"

அவள் ரோஷத்துக்கு முன்னால் அவர் பிடிவாதம் எந்த மூலைக்கு? பொன்னுரங்கம் பஸ் ஏறினார்.

டாக்டரம்மா கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அமுதவல்லி முந்திக்கொண்டாள்.

"பக்கத்து வூட்டு அக்கா சாப்புடுற மாத்திரையையே எழுதிக் குடுங்க டாக்டர்."

"அது இவருக்குக் கேக்காதும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா டாக்டர்? ரெண்டும் ஒரே நோய்தானே?"

"பேருதான் ஒண்ணு. புற்றுநோய் செல்லை 'வளரு, வளரு'ன்னு ஏதோ ஒரு கோளாறு முடுக்கிவிடும். அது ஆளுக்கு ஆள் மாறும். எதுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் தடுக்கிற மருந்துங்க இதெல்லாம். சிலது மாத்திரை, செல்லுக்கு உள்ளே போய் நிறுத்தும். சிலது ஊசி, வெளியிலயே ஒட்டிக்கிட்டு வழியை அடைக்கும். இவருக்கு ஏத்தது வேற மாத்திரை. நல்லாவே கேக்கும், பயப்படாதீங்க."

அமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்த அக்கா மாத்திரையைப் போட்டிருந்தா?"

"நண்டு வலையை விரிச்சுட்டு எறாவுக்குக் காத்திருக்கிற கதைதான். நாள் போயிருக்கும், நோய் வளர்ந்திருக்கும்."

பொன்னுரங்கம் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். "டாக்டரம்மாவுக்கு வலை சங்கதியெல்லாம் தெரியுதே!"

"எனக்கென்ன தெரியும்? உங்க பக்கத்து வீட்டம்மா சொல்லிக் குடுத்தது. செக்கப்புக்கு வந்தப்போ, இப்படிச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்னாங்க."

"அவங்களா?" அமுதவல்லி வாயைப் பிளந்தாள்.

"ஆமாம்மா. 'மாத்திரையைக் குடுத்தா அதையே முழுங்கிக்கினு வூட்லயே கெடப்பாரு டாக்டர். அதான் இல்லன்னுட்டேன். பொண்டாட்டி ரோஷக்காரி, என்னைத் திட்டிக்கினே அவரை இங்க இட்டாந்துடுவா, நல்லபடியா பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."