ரோஜா போட்ட தேன் பிஸ்கட்

"பேரெல்லாம் எதுக்கு? ரோஜா மட்டும் போட்டாப் போதும்" என்றாள் கிஸெல்லா, கோட்டு போட்டபடியே சமையலறை வாசலில் நின்று.

இரேனுக்குச் சுருக்கென்றது. நாளைக்குக் கல்யாணம். மேசை நிறைய இதய வடிவத்தில் தேன் பிஸ்கட்டுகள். மகள் எனிகோவின் கல்யாணச் சட்டைக் கையில் தைத்திருந்த அதே ரோஜாக்களை ஐசிங்கில் இறக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் விட்டிருந்த இடம் எனிகோ, பாலின்ட் என்று எழுதுவதற்கு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதுகூடப் பொறுக்கவில்லை!

"விருந்துக்கு வந்தவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது, சம்பந்தி. பேர் இல்லாம எப்படிக் குடுக்கறது?"

"நடுவுல வெறிச்சுன்னு தெரிஞ்சா ஒரு மொட்டு வெச்சிடுங்க."

இரேன் பல்லைக் கடித்துக்கொண்டாள். நிச்சயத்தன்றும் இப்படித்தான். எல்லோரும் கோப்பையை உயர்த்தி வாழ்த்தும்போது, "இப்ப என்ன அவசரம்? ரெண்டு வருஷம் போகட்டுமே" என்று சொன்னவள் இந்த மகராசி. ஒற்றைப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று மெசோகோவெஷ்த் ஊர் முழுக்கப் பேச்சு. புருஷன் உயிரோடு இருந்தவரை யார் வீட்டுப் படியும் மிதிக்காதவள், தலைக்கனம் என்பார்கள்.

கிஸெல்லா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காகிதக் கூம்பில் சிவப்பு ஐசிங்கை நிரப்பி நுனியை வெட்டினாள். நூலை இழுத்து இழுத்து இதழை நிரப்புவதுபோல, ஒட்டி ஒட்டிக் கோடு கோடாக ஐசிங்கைப் படுக்கவைப்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. இன்றைக்கு என்னவோ கண் ஜன்னல் பக்கமே போனது. முதல் இதழே பரவி, பச்சை இலைக்குள் ஓடிவிட்டது.

'வேண்டுமென்றே கெடுக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டாள் இரேன். இன்னும் எழுந்து வராத மகளாவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எழுந்து அவள் அறைக்குப் போனாள்.

கட்டிலில் கல்யாணச் சட்டை மட்டும் விரித்துக் கிடந்தது. எனிகோ இல்லை. அலமாரி மேலிருந்த பையும் இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது.

போன வாரம், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று வந்து நின்றாள் எனிகோ. மாமியாருக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்து, "போகப் போகச் சரியாயிடும்டி" என்று வாயை அடைத்தாள் இரேன். இரேன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

தகவல் போன மாத்திரத்தில் பாலின்ட் காரில் வந்து இறங்கினான். தங்கமான பையன். போன மழைக்கு இரேன் வீட்டுக் கூரை ஓடுகளை ஒற்றை ஆளாக மாற்றிக் கொடுத்தவன். எப்போது வந்தாலும் அவள் கையில் முத்தமிட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

"அத்தை, அவ எங்க? யார் கூடப் போனா?"

"தெரியலையேப்பா..."

"தெரியலையா!"

மேசையில் ஓங்கி அறைந்தான். பிஸ்கட்டுகள் துள்ளின, ஓரத்தில் இருந்தவை தரையில் விழுந்து நொறுங்கின. அவன் கையை ஓங்குவதற்கு முன்பே கிஸெல்லா எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போயிருந்தாள். இரேனோ நொறுங்கிய பிஸ்கட்டுகளைத்தான் பார்த்தாள்.

அடுத்த நொடியே அவன் முகம் மாறியது. "மன்னிச்சிடுங்க அத்தை, பயத்துல என்ன பண்றேன்னே தெரியல" என்று அவள் தோளைத் தொட்டான். "ரயில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாக்கறேன்."

"ஸ்டேஷன்ல என்ன இருக்கு?" என்றாள் கிஸெல்லா. "எகெர் ஊர்ல அவ சிநேகிதி இருக்கால்ல? அங்கதான் போயிருப்பா. ரோட்டு வழியாப் போடா, சீக்கிரம்."

அவன் ஓடினான். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

இரேன் தரையில் குந்தி, உடைந்த இதயங்களைப் பொறுக்கினாள். எந்த ரோஜா எதனுடைய பாதி என்று பொருத்தப் பார்த்தாள்; கண்ணீர் மறைத்தது. சட்டென்று எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"இப்ப உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்குமே! மொதல் நாள்லேர்ந்து எம் பொண்ணை உங்களுக்குப் புடிக்கல. பேர் எழுதாதேன்னீங்க, பூவைக் கெடுத்தீங்க. அந்தத் தங்கமான பையன் எப்படித் துடிச்சிட்டு ஓடறான் பாத்தீங்களா? பெத்தவ நீங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல!"

கிஸெல்லா ஜன்னல் திரையை விலக்கி, கார் திரும்பி வருகிறதா என்று தேவாலயத்து வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாயைத் திறங்க! நீங்கதானே எம் பொண்ணைத் துரத்தினீங்க?"

"துரத்தல. இன்னிக்கு விடியக்காலம் நான்தான் கூட்டிட்டுப் போய் ரயில் ஏத்திவிட்டேன். என் தங்கச்சி வீட்டுல இருக்கா; அந்த வீடு அவனுக்குத் தெரியாது."

இரேன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க சொந்தப் பிள்ளைக்கா இப்படி ஒரு காரியத்தைப் பண்ணினீங்க?"

கிஸெல்லா திரும்பினாள். கண் இப்போதுதான் நிறைந்திருந்தது.

"அவன் அப்படியே அவன் அப்பன், சம்பந்தி... என் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னை ரயில் ஏத்திவிட ஒருத்தி வரல."