சத்தமில்லாத பம்ப்

“மில்வாக்கியில எல்லாரும்தான் வீட்டுல பீர் காய்ச்சறாங்க. உங்க ஷெட்டுல மட்டும்தான் பம்ப் இப்படி உறுமுது. அடுத்த சனிக்கிழமையும் உறுமினா, வீட்டு ஓனர்கிட்ட சொல்லி நீங்க காய்ச்சறதையே நிறுத்த வச்சிடுவேன்,” என்றாள் பக்கத்து வீட்டு ஜோலீன்.

வெண்டலுக்கு ஒரு நாளும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. இருந்தாலும் பீர் காய்ச்சும் சாமான் விற்கும் கடைக்கு ஓடினார்.

“காந்த பம்ப் எடுத்துக்குங்க அண்ணே. கொதிக்கிற சாறையும் தாங்கும், சத்தமே வராது,” என்றான் கடைக்காரன்.

சனிக்கிழமை, அண்டாவுக்குக் கீழே பம்பைப் பொருத்தினார். பீருக்கான மால்ட் சாறு, முளைகட்டிய பார்லியில் எடுத்தது, அதன் வழியே ஓசையில்லாமல் சுற்றியது. இனி ஒரு மணி நேரம் வேலையில்லை. வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்தார்.

யாரோ தோளை உலுக்கினார்கள். கண் விழித்தால், ஜோலீன்.

“புதுசு மாட்டிட்டேனேம்மா. இன்னுமா உறுமுது?”

“பம்ப் பாவம், வாயே திறக்கலை,” என்றாள் அவள். “இத்தனை நாளும் உங்க குறட்டைதானா அது?”