பக்கத்து மணை

வேல்குமாருக்குப் பக்கத்தில் போட்டிருந்த மணை காலியாக இருந்தது.

வாசலில் நின்ற யாழினியின் கண் அதை விட்டு நகரவில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே அந்த இடம் தனக்கென்று முடிவு செய்து வைத்தவள் அவள். போர்வையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, பெரியவர்களைப் போல விறைப்பாக உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள். நான்தான் இங்கே உட்காருவேன் என்று அப்போதே சொல்லி வைத்திருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

தனபாலுக்குக் கழுத்தை நீட்டிய அன்றும் அவள் மனதில் ஓடியது இந்த மணைதான்.

மூக்கு வரை துணி கட்டியிருந்தாள். பனியன் கம்பெனியில் பஞ்சு படாமலிருக்கப் பெண்கள் கட்டிக்கொள்வது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே பஞ்சும் இல்லை. யாருக்கும் தன்னை அடையாளம் தெரியக் கூடாது, அதற்காகத்தான்.

தொழிலாளர் சங்கத்தின் மாடி அது. நாற்காலிகளை ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். 'எங்கள் கல்யாணத்தையும் பதிவு செய்யுங்கள்' என்ற பேனர் மின்விசிறிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

எதிரே மாலையும் கையுமாக அனீஸ். வேல்குமாருக்கு மாலை போடப் போகிறவன்.

சட்டம் எழுதிக்கொள்ளாத கல்யாணம். அதனால்தான் நாலு பேர் பார்க்க நடத்துகிறார்கள். டீக்கடை டீக்கடையாக நின்று வாங்கிய கையெழுத்துகளோடு, இரண்டு பக்கத்து உறவும் சூழ நிற்கும் படத்தையும் சேர்த்து தில்லிக்கு அனுப்பப் போகிறார்கள்.

வேல்குமார் பக்கத்து உறவு என்று யாரும் வரவில்லை.

இந்த அழைப்பு வாட்ஸப்பில் அவள் வாழ்க்கைப்பட்ட குன்னத்தூர் வரை வந்திருந்தது. தனபால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் போட்டோவுல உம்பட மூஞ்சி வந்துதுன்னா, திரும்பி இந்த ஊட்டுப் பக்கம் வராத."

ரசம் ஊற்றச் சொன்னான். ஊற்றினாள்.

அனீஸைப் பார்த்தபோது யாழினிக்குக் கோபம் வரவில்லை. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். வயிறு எரிந்தது இக்ராவைப் பார்த்துத்தான்.

இக்ரா அனீஸின் தங்கை. புதுப்பட்டு கட்டி, தலை நிறைய முல்லை வைத்திருந்தாள். வேல்குமாரின் சட்டைக் காலரை, கேட்காமலேயே, சரி செய்தாள். அவன் காதில் என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான். முன்பற்கள் தெரிய, கண்ணை மூடிச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. அவன் ஊரை விட்டுப் போனதிலிருந்து யாழினி பார்க்காதது.

இவள் எப்படி அதை வரவழைத்தாள்?

அடுத்து நடந்ததுதான் இன்னும் பொறுக்க முடியாமல் போனது. வேல்குமாரின் மூக்கு நுனி சுருங்கியது. தும்மல் வரப் போகிறது என்று இங்கே வாசலில் நின்ற யாழினிக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஆனால் இக்ராவின் கைக்குட்டை அதற்குள் அவன் மூக்கருகே போயிருந்தது.

மாலை வாசத்துக்கு அவனுக்குத் தும்மல் வருமென்று இவளுக்கு யார் சொன்னது?

சீர் நடத்திக்கொண்டிருந்த சுப்பாத்தாள் துணியை எடுத்தாள். இந்தச் சீருக்குக் கூறைச்சேலை வேண்டும். இங்கே அதைக் கட்டப் பெண் இல்லாததால், ஏதோ எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய ஏழு வண்ணப் பனியன் துணி. ஒரு முனையை வேல்குமாரிடம் கொடுத்தாள். மறுமுனையை இக்ரா வாங்கினாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

செல்போன்கள் உயர்ந்தன.

எப்படி நடந்து வந்தோம் என்று யாழினிக்குத் தெரியவில்லை. ஜமுக்காளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கட்டிய துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"எந்திரி கண்ணு. அது எம்பட இடம்."

அனீஸின் கையிலிருந்த மாலை தாழ்ந்தது. கல்யாணத்தை நிறுத்த வந்தவளோ என்று சங்கத்துக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

வேல்குமாரின் முகம் சின்னப் பையனின் முகம்போல ஆகியிருந்தது.

இக்ராதான் முதலில் எழுந்தாள். துணி முனையை யாழினியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"நல்ல வேளைங்க, வந்துட்டீங்க. கொழுந்தியா உக்காந்தா இணைச்சீர் ஆகாதுன்னு இந்தம்மா காலையிலிருந்து என்னைத் திட்டிட்டே இருக்காங்க."

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணையாக அமர்ந்து அந்தச் சீரைச் செய்ய, கூடப் பிறந்தவளுக்குத்தான் உரிமை.

யாழினி உட்கார்ந்தாள். துணியை இழுத்துப் பிடித்தாள். பனியன் துணி, இழுத்த இழுப்புக்கு நீண்டது.

"தம்பி, போட்டோவப் பாரு," என்றாள்.

அவன் பார்த்தான். மூக்கு நுனி சுருங்கியது. பின்னாலிருந்து இக்ராவின் கைக்குட்டை நீண்டு வந்தது.

யாழினியின் முந்தானை முந்திக்கொண்டது.

தில்லிக்குப் போகப் போகும் படமும் அதற்கு முன்பே குன்னத்தூருக்குப் போய்விட்ட படமும் அதுதான்.