சரக்குக்கு மட்டும்

“இந்த வண்டி உங்களுக்கு இல்ல சார். வேற பார்ட்டி கேட்டுகினு கீறாங்க” என்றான் தீனதயாளன்.

பரணிதரனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் சாலையோரம் ஷெட் போட்டு, பழைய வேன் வாங்கி விற்பவன் தீனதயாளன். சற்று முன்புவரை அந்த வெள்ளை ஆம்னி வேனை வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தான்.

“ராசியான வண்டி, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப இல்லேன்றேன்.”

அவன் மனைவி பிரபாவதி முன்னால் வந்தாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இட்லி மாவு அரைத்து விற்பவள். நாவலூரில் புதிதாக வந்த ஒரு கம்பெனி கேன்டீன், திங்கட்கிழமையிலிருந்து மாவு கேட்டிருந்தது. வண்டி இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். இத்தனை நாள் கணவனின் ஸ்கூட்டரில் வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் போட்டதெல்லாம் இந்த ஒரு ஆர்டருக்காகத்தான்.

“எங்க அந்தப் பார்ட்டி? நாங்க வந்ததிலேர்ந்து இங்க ஒரு ஈ காக்கா வரல.”

தீனதயாளன் அவளைப் பார்க்கவில்லை. வேனின் பின் சீட்டில் அவர்கள் பெண் சுஷ்மிதா குதித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, எறங்கு” என்றான்.

“பிரபா, எனக்குப் புரிஞ்சிடுச்சு” என்றான் பரணிதரன். “மாவு ஏத்தன்னு சொன்னவரைக்கும் தரேன்னார். ஞாயித்துக்கிழமையில பொண்ணைக் கூட்டிட்டு மகாபலிபுரம் போயிட்டு வரலாம்னு வாயை விட்டேன் பாரு, அப்பத்தான் முகம் மாறுச்சு.”

தீனதயாளன் அதையே பிடித்துக்கொண்டான்.

“ஆமா சார். குடும்பத்துக்கு நான் குடுக்கறதில்ல. சீட்டு குத்துது, பாட்டு வரலன்னு தெனம் வந்து நிப்பாங்க. ஒரே பேஜாரு. யாவாரத்துக்கு எடுக்கறவன் திரும்பிப் பாக்க மாட்டான்.”

“அப்ப எங்களுக்கு மட்டும் யாவாரம் இல்லையா?” என்றாள் பிரபாவதி. “திங்கக்கிழமை நான் என்ன பண்றது?”

“வேற எங்கியாவது பாருங்கம்மா.”

“நல்ல மனுஷன்யா நீ” என்று சொல்லிவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததைத் தீனதயாளன் கவனித்தான்.

அவர்கள் தலை மறைந்ததும், ஷெட்டின் கோடியில் டிங்கர் வேலை செய்யும் தர்மராஜ் எழுந்து வந்தான்.

“இன்னா மச்சான், படிஞ்ச பேரத்த எட்டி ஒதைக்கற?”

“உன் ஒட்டு வேலை லட்சணம் அப்பிடி. சதுரங்கப்பட்டினத்துல மீன் ஏத்தின வண்டிடா அது. உப்புத் தண்ணி எறங்கி பின்னால தரை அப்பளமா கீது. நீ மேல தகரத்த வெச்சி ரப்பர் மேட் போட்டு மூடிட்ட. அந்தப் பொண்ணு குதிக்கறப்ப சீட்டு மொத்தமா ஆடுது. ஈசிஆர்ல ஒரு சடன் பிரேக் போட்டான்னு வெய்யி, சீட்டோட பேத்துகினு போயிடும்.”

“அத அவங்களாண்ட சொல்லி அனுப்பறதுதான?”

“சொன்னா? தீனா ஓட்டை வண்டி விக்கறான்னு கல்பாக்கம் பூரா பேசும். அப்பறம் எவன் இங்க வருவான்? திட்டிகினு போவட்டும் வுடு. கொழந்த பாவம் நமக்கு வேணாம். சரக்கு ஏத்தறவனா பாத்துத் தள்ளிடலாம். மூட்டை வுழுந்தா எடுத்து அடுக்கிக்கப் போறான்.”

“பெரிய தர்மப்பிரபுதான் நீ.”

தீனதயாளன் சிரித்தான். டீ வாங்கி வரச் சொன்னான். அன்றைக்கு டீ ருசியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆள் வந்தான். சின்னையன் என்று பெயர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறவன்.

“குடும்பத்துக்கா, சரக்குக்கா?” எடுத்த எடுப்பில் கேட்டான் தீனதயாளன்.

“சரக்குக்குத்தான் அண்ணாத்த. தண்ணி கேன்.”

“வூட்டு ஆளுங்கள ஏத்துவியா?”

“அவங்களுக்குத்தான் பஸ் கீதே.”

“எப்பனா ஒரு நாள், கோயிலு, கல்யாணம்...”

“இன்னா அண்ணாத்த, வண்டி விக்கறியா, பொண்ணு குடுக்கறியா?”

தர்மராஜ் பக்கென்று சிரித்துவிட்டான். தீனதயாளனும் சிரித்தான்.

“அதுக்கில்ல. சரக்குக்குன்னா அந்தப் பின் சீட்ட கழட்டிடச் சொல்றேன். பலகை போட்டா கேன் அடுக்கத் தோதா இருக்கும்.”

“வேணாம், வேணாம்” என்றான் சின்னையன் அவசரமாக. “சீட்டு இருக்கட்டும். வூட்டுக்குப் போயி நானே கழட்டிக்கறேன். டிவி பாக்க ஹால்ல போட்டுக்கலாம்.”

ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று தீனதயாளனுக்குத் தோன்றியது. தர்மராஜைப் பார்த்தான். தர்மராஜ் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மறக்காம கழட்டிடு, நைனா.”

“கழட்டாம?”

பணம் கை மாறியது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தீனதயாளனே கற்பூரம் காட்டி அனுப்பினான்.

ஆம்னி சாலையில் ஏறி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. அங்கே சின்னையனின் மனைவி கன்னியம்மா இரண்டு பிள்ளைகளோடு காத்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்துட்டானா? தர மாட்டான்னு அந்தக் கல்பாக்கம் சாரு அவ்ளோ வருத்தப்பட்டாரே.”

“அவரு புண்ணியத்துலதான் கெடச்சுது. குடும்பம்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்கன்னு பஸ் ஏறப்போறவரு நின்னு சொல்லிட்டுப் போனாரு பாரு.”

சின்னையன் இறங்கிப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான்.

“ஏறுங்கடா பசங்களா. பின் சீட்டு பூரா உங்களுக்குத்தான்.”