விட்டுக்கொடுத்த பங்கு

"மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா தம்பி? விழுந்து கிடக்கிற மனுஷன் மேல போய் மனு போடப் போறீங்களா?"

மரக்கடைக்காரரின் குரல் தழுதழுத்தது. தையல்காரர் தலைகுனிந்து நின்றார்.

சோபா செய்யும் பட்டறை திவாலாகி, சொத்தெல்லாம் கோர்ட் கைக்குப் போய்விட்டது. பாக்கி வர வேண்டியவர்கள் மனு கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அங்கே சோபா உறை தைத்த தையல்காரருக்குச் சம்பளப் பாக்கி. மரக்கடைக்காரருக்கு, லோடு லோடாக அனுப்பிய மரத்துக்குப் பாக்கி.

"எனக்கு வரவேண்டியது எவ்வளவுன்னு உனக்கே தெரியும். நானே மனு போடாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"உங்களுக்குக் கடை இருக்குண்ணே, இருப்பீங்க!" என்றபடி உள்ளிருந்து வந்தாள் தையல்காரரின் மனைவி. "எங்களுக்கு வாடகை கழுத்தை நெரிக்குது. இன்னைக்குத்தான் கடைசி நாள். என்னங்க, கிளம்புங்க!"

"சும்மா இரு! பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ முதலாளிதான் ஓடி வந்தாரு. மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்காக உழைச்ச கூலியைக் கேட்கக் கூடாதா?"

மரக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சில பேருக்குப் பணம்தான் பெருசு. வரேன் தம்பி. இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்."

அவர் போனதும் தையல்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான் போகலை. அவ்வளவுதான்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது வாசலில் ஹாரன் அலறியது. ஏதோ இரவல் வேன். ஓட்டி வந்தவர் சாட்சாத் முதலாளி! பின்னால் தச்சர், பாலிஷ்காரர், பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னுமா கிளம்பல? ஆபீஸை மூடிடுவாங்கய்யா!"

"முதலாளி, உங்களுக்கு எதிரா நான் எப்படி..."

"எதிரும் புதிரும் அப்புறம் பேசிக்கலாம். ஏறு! அம்மா, சம்பளச் சீட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு நீயும் வா!"

தையல்காரர் சட்டைப் பித்தானை வேனில்தான் போட்டார். பாதி வழியில் வண்டி மக்கர் செய்தது. எல்லோரும் குதித்துத் தள்ளினார்கள். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். "ஹோய்! ஹோய்!" உறுமிக்கொண்டு கிளம்பியது. கோர்ட் மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடினார்கள். ஜன்னல் கதவு மூடப்போகிற நேரத்தில் தையல்காரரின் மனைவி கையை உள்ளே நீட்டிவிட்டாள்.

"சார்! சார்! ஒரே நிமிஷம்!"

அதிகாரி முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். ஒவ்வொரு மனுவாக வாங்கி முத்திரை குத்தினார். பாலிஷ்காரர் விசிலே அடித்துவிட்டார்.

தையல்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முதலாளி தண்ணீர் குடிக்கப் போனதும் ஜன்னலில் குனிந்து கேட்டார்.

"சார், நாங்க மனு போடாம இருந்திருந்தா எங்க பங்கு முதலாளிக்கே போயிருக்குமில்ல?"

"அவருக்கு எப்படிப் போகும்? மனு போட்டவங்களுக்குத்தான் பிரிச்சுக் கொடுப்போம்."

"எங்களுக்கு முன்னாடி யாரு சார் போட்டிருக்காங்க?"

"ஒரே ஒருத்தர். நோட்டீஸ் கிடைச்ச அன்னைக்கே வந்துட்டாரு, மரக்கடைக்காரர்."