அரை டேங்க்

"இங்கனயே எறங்கிக்க," என்றான் புருசன்.

வண்டியின் பின் சீட்டிலிருந்து இறங்கினாள்.

பெட்ரோல் பங்கின் ஓரம். லாரிகளுக்குக் காற்றடிக்கும் இடம். பம்புக்கும் அதற்கும் முப்பது தப்படி தூரம் இருக்கும்.

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் போனும் அவள் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். வண்டியை அணைத்து உருட்டிக்கொண்டு போனான்.

போன் அடித்தால் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து இப்படித்தான்.

அதே சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறது.

அது அவனுக்குத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். அவன் குடோனில் சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வருகிறான். அவள் கட்டடத்தில் கலவை சுமந்துவிட்டு வருகிறாள். இரண்டு பேர் தலையும் ஒரே சாம்பல் நிறம்.

அவன் முதுகு திரும்பியதும் தன் போனைத் தட்டினாள். விரல் நுனியில் ரேகை இல்லை, சிமெண்ட் தின்றுவிட்டது. தொட்டால் போன் கேட்காது. விரலை மடக்கி மூட்டால் தட்ட வேண்டும்.

ஒரே மணி. மாரிக்கனி எடுத்துவிட்டாள். கூடக் கலவை சுமந்தவள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி.

"ஏட்டி, எறக்கி விட்டாச்சா?"

"விட்டாச்சு, விட்டாச்சு. சீக்கிரம் சொல்லு."

"எங்க சூப்பர்வைசருக்கு ஒட்டு முடின்னு சொன்னேம்லா? நேத்து ஃபேன் காத்துல பறந்து அயன் டேபிள்ள வந்து விழுந்துட்டு."

"பெறகு?"

"பெறகென்ன. அயன் பண்ணி மடிச்சுக் குடுத்தோம்."

அவள் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து கன்னத்துச் சிமெண்டில் கோடு போட்டது.

வீடு ஒற்றை அறை. ஆறு பேர். அங்கே சிரித்தால், என்ன சிரிப்பு என்று கேட்க ஐந்து பேர்.

வேலையிடத்தில் சிரித்தால் மேஸ்திரி கேட்பான்.

இங்கே யாரும் கேட்பதில்லை. வாரத்துக்கு ஐந்து நிமிடம். வரிசை நீளமாக இருந்தால் எட்டு.

"ஏ, இங்க வா! போனக் கொண்டா!"

அவன்தான். பம்பு பக்கத்திலிருந்து கை காட்டினான்.

இப்படிக் கூப்பிட்டதே இல்லை.

போனை அணைக்கத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே போனாள்.

பம்பில் நின்ற பெண், தொப்பி போட்டவள், அவனுடைய ஐநூறு ரூபாய்த் தாளைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எரநூறுக்குப் போட ஐநூறக் குடுத்தா எப்படிண்ணே? சில்லற இல்ல. ஸ்கேன் பண்ணிருங்க."

பம்பில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டினாள். அதற்கு ஒரு முழம் மேலே ஒரு போன் படம். குறுக்கே சிவப்புக் கோடு.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெடிக்காதாம்மா?"

"போனா? நாலு வருசமா இங்கதான் நிக்கேன். தெனம் எரநூறு பேரு ஸ்கேன் பண்ணுதாங்க. ஒரு பொறி பாத்ததில்ல. எனக்கு ஒங்க பையில இருக்க தீப்பெட்டியப் பாத்தாதான் பயம்."

அவன் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அப்ப இம்புட்டு நாளும் இவள எதுக்கு அங்க நிப்பாட்டுனேன்? கிறுக்குப் பய நான். அடுத்த வாரம் சேந்தே வருவோம் ஏ."

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

பெண்ணும் பார்த்தாள். சனிக்கிழமைதோறும் காற்றடிக்கும் இடத்தில் ஒருத்தி தனியாக நின்று விழுந்து விழுந்து சிரிப்பது இங்கிருந்து நன்றாகவே தெரியும்.

இந்த முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

கையிலிருந்த போனுக்குள் மாரிக்கனி மட்டும் இன்னும் மெல்லிசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெண் தோள் பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளே நூறு ரூபாய்த் தாள்கள் கத்தையாக இருந்தன.

"சில்லற கெடக்குண்ணே, பாக்கல. ஆனாலும் போர்ட சும்மாவா வச்சிருப்பாங்க? நம்ம நேரம் எப்படியோ. அக்கா தள்ளியே நிக்கட்டும்."

அவன் சிரிப்பு நின்றது.

"போ, போ, அங்க போ," என்று அவளை விரட்டினான்.

திரும்பி நடந்தாள். பத்து எட்டுகூட வைத்திருக்க மாட்டாள். முதுகுக்குப் பின்னால் அவன் குரல்.

"சில்லற வேண்டாம்மா. ஐநூறுக்கும் ஊத்தி டேங்க நெறச்சிரு. ரெண்டு வாரத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்."

நின்றாள்.

"வெயில் காலத்துல டேங்க் நெறைய ஊத்துனா வெடிக்குமாம்," என்றாள். திரும்பாமலே.

அவன் கை தானாக டேங்க் மூடிமேல் போனது. பெண்ணைப் பார்த்தான்.

பெண் வானத்தைப் பார்த்தாள். சூரியன் காட்டன் மில் சுவருக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இந்த வெயிலுக்கு அரை டேங்க்கு மேல ஆகாதுண்ணே," என்றாள். "நூறுக்குப் போடவா?"

"நூறே போதும். தீந்தா வாரத்து நடுவுல வந்து போட்டுக்கிடுதேன்."

காற்றடிக்கும் இடத்துக்கு வந்ததும் போனைக் காதில் வைத்தாள்.

"என்னட்டி ஆச்சு? சத்தத்தையே காணும்," என்றாள் மாரிக்கனி.

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை ஒனக்கு எத்தன மணிக்கு வேல முடியும்?"