வேறு தலைப்பில் அதே படம்

"இந்தப் படத்தைத் திரையில போட முடியாது, மூரியல். இது பழைய படம்" என்றார் கிளிஃபோர்ட்.

தேவாலயக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அன்று புகைப்படச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. நடுவர் இன்னும் வரவில்லை. போட்டிச் செயலாளர் கிளிஃபோர்டுக்குப் படங்களைவிட விதிகள்மேல்தான் பிரியம் அதிகம்.

"பழசு இல்ல. இந்த மாசம் எடுத்தது" என்றாள் மூரியல். குளிருக்குப் போட்ட கையுறையைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

"தலைப்பை மாத்திட்டா படம் புதுசாயிடுமா? ஒரு தடவை போட்டிக்கு வந்த படம் வேற தலைப்புல திரும்ப வரக் கூடாது. அதுதான் விதி."

"அந்த அன்னம் இன்னும் இவர் தூக்கத்தைக் கெடுக்குது" என்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரில் சிரித்தாள்.

முன்பு உறுப்பினர் ஒருவர் ஒரே அன்னத்தை 'விடியல்', 'தனிமை', 'பனியின் ராணி' என்று மூன்று பெயரில் நீந்தவிட்டுக் கோப்பையையும் தட்டிக்கொண்டு போனார். இந்த விதி வந்ததே அதற்குப் பிறகுதான்.

கிளிஃபோர்ட் கணினியில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். துறைமுகச் சுவரின் முனை. அங்கே சிவப்பு மழைக்கோட்டில், அதன் தொப்பியால் தலையை மூடிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஓர் உருவம். மூன்று வருஷத்துக்கு முன்பு வந்த படத்துக்குத் தலைப்பு 'புறப்பாடு'. இன்றையதற்கு 'வீடு வந்தாயிற்று'.

"படத்துல நிக்கற உங்க பையன் டங்கன், நார்வே கடல்ல எண்ணெய் எடுக்கப் போனவன், அப்புறம் ஊர்ப் பக்கமே வரலன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப இந்த மாசம் எப்படி எடுத்தீங்க? ஒத்துக்கிட்டா, படத்தை மட்டும் எடுத்துட்டு விட்டுடறேன். இல்லன்னா கமிட்டிக்குப் போகும். பேரு கெட்டுடும்."

ஏமாற்றுக்காரி என்ற பெயர் வந்தால்கூட மூரியல் தாங்கிக்கொள்வாள். அந்தப் படம் ஒரே ஒரு தடவை பெரிய திரையில் வர வேண்டும், தலைப்பை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"விளக்குக் கம்பத்தைப் பாருங்க" என்றாள்.

கிளிஃபோர்ட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பழைய படத்தில் சுவரின் முனையில் விளக்குக் கம்பம் நின்றது. புதியதில் அந்த இடத்தில் வளைந்த இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்துப் புயல் கம்பத்தை முறித்துக்கொண்டு போனது ஊருக்கே தெரியும்.

அவருடைய கண்டிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அட, புதுப் படம்தான்! அப்ப டங்கன் வந்துட்டானா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெரில், கேட்டியா, நம்ம பய வந்துட்டான்!"

பெரில் கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "எங்க, காட்டுங்க! ஐயோ, இப்படி இளைச்சுட்டானே! கோட்டு தொளதொளன்னு தொங்குது, கையே வெளிய தெரியல. அங்க சோறே போடறதில்லையா?"

"அவனையும் இன்னிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் கிளிஃபோர்ட். யாரோ ஒருவர் ஆவலாக வாசலை எட்டிப் பார்த்தார்.

மூரியல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையுறைகளை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் வரல, கிளிஃபோர்ட். கடல் அவனைத் திருப்பித் தரல. அங்க அவன் அறையில தொங்கிட்டிருந்த கோட்டைத்தான் பார்சல்ல அனுப்பினாங்க. கேமராவை ஸ்டாண்டுல வெச்சுட்டு, அதைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னது நான்தான்."